ரயில்வே கேட்டைத் தாண்டிப் போன சோப்பு முட்டை

சாத்தூர் தண்ணித்தொட்டித் தெருவில் சோப்பு முட்டைகள் ஆளைத் தேடிப் போய் மூக்கில் உடைந்த கோடையைப் பற்றி அந்தத் தெருக்காரர்களிடம் கேட்டால், அந்த வருஷம் வெள்ளரிப் பிஞ்சு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள், பிறகு குழாயில் தண்ணீர் வராமல் போனதைச் சொல்வார்கள், அதற்கும் பிறகு, நாம் விடாமல் கேட்டால், ஆமாம், முட்டையும் வந்தது, கண்ணை மூடிக்கொள்ளாவிட்டால் எரியும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அதை ஆரம்பித்து வைத்தவள் செண்பகவல்லி.

செண்பகவல்லி கழுகுமலைக்காரி. எதையும் திறந்து பார்க்காமல் அவளுக்குத் தூக்கம் வராது. சின்ன வயதில், கோழி அடைகாத்துக்கொண்டிருந்த முட்டையை எடுத்து, உள்ளே என்னதான் நடக்கிறது என்று வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் கேள்வி கேட்டே விரட்டிவிட்டாள் என்று அவள் அண்ணன் சொல்லுவான். அப்படி இருந்தவள் மாசி மாதத்தில், தீப்பெட்டி பண்டல் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டுகிற சீனிராஜுக்கு இரண்டாம் தாரமாக வந்து சேர்ந்தாள். மூத்தவள் காய்ச்சலில் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அவள் பெற்ற பிள்ளை பொன்மாரிக்கு இப்போது ஒன்பது வயது.

அந்தப் பொன்மாரி செண்பகவல்லியிடம் பேசுவதில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்தில், புதுப்பெண்ணாகப் பட்டுச்சேலை கசங்க, பிள்ளையின் இலையில் தன் கையால் முதல் துண்டை எடுத்து வைத்தாள் செண்பகவல்லி. பிள்ளை அந்தத் துண்டைப் பார்த்தது, செண்பகவல்லியின் முகத்தைப் பார்த்தது, இலையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டது. அன்றிலிருந்து அதற்கு ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்லும். "தலைக்கு எண்ணெய் இல்ல" என்று சுவரிடம் சொல்லும், செண்பகவல்லி எடுத்து வைப்பாள், சுவர்தான் எடுத்து வைத்தது என்பது போல அது எடுத்துக்கொள்ளும். கொல்லையில் வெறும் முளைக்குச்சி ஒன்று இருந்தது, துணி காயப்போட இடைஞ்சலாக இருக்கிறதே என்று ஒருநாள் செண்பகவல்லி அதைப் பிடுங்கப் போனபோது, பிள்ளை ஓடிவந்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் சீனிராஜிடம் கேட்டால், "ஆடு ஒன்னு கட்டிக் கெடந்துச்சு. மலட்டு ஆடு. கழிச்சாச்சு" என்றான். அவனுக்கு ஆடு என்றால் ஆடு, அவ்வளவுதான்.

பள்ளிக்கூடம் லீவு விட்டார்கள். வெயில் தெருவைப் போட்டு வறுத்தது. பிள்ளைகள் வேப்பமர நிழலில் ஒருவரை ஒருவர் கிள்ளிக்கொண்டு கிடந்தார்கள். சோப்பு முட்டை விட்டுக் காட்டினால் பொன்மாரி பக்கத்திலாவது வந்து நிற்பாள் என்று செண்பகவல்லிக்குத் தோன்றியது. கடையில் விற்கிற டப்பா இரண்டு ஊதலில் தீர்ந்துவிடும். அதனால் அவளே செய்ய உட்கார்ந்தாள். சோப்புத் தண்ணீரில் சர்க்கரை போட்டுப் பார்த்தாள், குமிழி கனத்துக் கீழே விழுந்தது. வெண்டைக்காயை வெட்டி ஊறவைத்த கொழகொழப்பைச் சேர்த்தாள், கொஞ்சம் தேறியது. சோப்புதான் போதவில்லை. பக்கத்து வீட்டு லூர்தம்மாளிடம் ஆரம்பித்துத் தெருக்கோடி வரைக்கும் வாசல் வாசலாகப் போய், தேய்ந்து தேய்ந்து நகம் மாதிரி ஆகிப்போன சோப்புத் துண்டுகளை எல்லாம் வாங்கி வந்து, ஒரே பானையில் போட்டு, வெயிலில் வைத்துக் கரைத்தாள். மஞ்சள் சோப்பு, வேப்பிலை சோப்பு, குழந்தை சோப்பு, துணி சோப்பு, தெருவே தேய்த்துக் குளித்த மிச்சம் அத்தனையும் அந்தப் பானைக்குள் இருந்தது. ஊதுவதற்குப் பப்பாளித் தண்டை நறுக்கி, நுனியை நாலாகக் கீறி விரித்துக் கொடுத்தாள்.

முதலில் ஊதியது லூர்தம்மாளின் பேத்தி. குமிழி சுவரில் பட்டது, உடையவில்லை. முருங்கைக் கிளையில் பட்டது, உடையவில்லை. ஏதோ சொல்லி அனுப்பிய மாதிரி நிதானமாகத் திரும்பி, லூர்தம்மாளின் வீட்டுக்குள் நுழைந்து, ராத்திரி ஷிப்டு முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையின் அப்பன் மூக்கில் போய்ப் பட்டென்று உடைந்தது. அடுத்து ஊதினவனுடையது தெருமுனைக்கு வந்திருந்த ஐஸ் வண்டிக்காரர் மூக்குக்குப் போனது. சாயங்காலத்துக்குள் தெருவுக்கு விஷயம் புரிந்துவிட்டது: ஊதுகிறவர் யாரை நினைத்து ஊதுகிறாரோ அவர் மூக்குக்குத்தான் அது போகும், வழியில் எதற்கும் உடையாது. புரிந்ததும் எல்லோரும் ஆளுக்கொரு சொம்பு எடுத்துக்கொண்டு பானைக்கு வந்தார்கள்.

வந்தவர்கள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். லூர்தம்மாளும் எதிர்வீட்டுப் பேச்சியம்மாளும் குழாயடிச் சண்டையில் முகம் பார்த்துப் பேசாதவர்கள். துபாயில் இருக்கும் இளைய மகனை நினைத்து ஊதுகிறேன் என்று லூர்தம்மாள் ஊதிய ஒவ்வொரு முட்டையும் நேரே தெருவைக் கடந்து பேச்சியம்மாளின் மூக்கில் போய் உடைந்தது. பேச்சியம்மாள் கோபத்தோடு பதிலுக்கு ஊதினாள், அது லூர்தம்மாளிடம் வந்தது. "என்னைய நெனைக்காம ஒனக்குப் பொழுதே போகாதா?" என்றாள் ஒருத்தி. "நீ மட்டும் என்னவாம்?" என்றாள் மற்றவள். அதற்குப் பிறகும் சண்டை நிற்கவில்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சண்டை போட்டார்கள். மாரியம்மன் கோயில் பூசாரி அம்மனை நினைத்து ஊதியது டீ மாஸ்டர் மூக்குக்குப் போனது. பஜ்ஜி வாசம் குறுக்கே வந்துவிட்டது என்று பூசாரி சமாதானம் சொன்னார். கல்யாணம் ஆகாத பெண்களைப் பானைப் பக்கம் விடவில்லை. ஊதச் சொல்லிப் பெண்டாட்டிகள் கேட்டபோது புருஷன்மார்களுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் பல்வலி வந்தது. சீனிராஜ் மட்டும் தைரியமாக ஊதினான், அவன் முட்டை அவனுடைய லோடு ஆட்டோவின் முன்பக்கத்தில் போய் உடைந்தது. அதற்கும் மூக்கு மாதிரி ஒன்று இருக்கத்தானே செய்கிறது என்று செண்பகவல்லி சிரித்துவிட்டாள். வெளியூர் போகிற முட்டைகள் பஸ் ஜன்னல் வழியாக ஏறி உட்கார்ந்துகொண்டன. கண்டக்டர்கள் அவற்றுக்கு இடம் விட்டு நின்றார்கள். கோவில்பட்டியிலிருந்தும் மதுரையிலிருந்தும் போன் வந்தது: "மூக்குல ஏதோ ஜில்லுன்னு பட்டுச்சு, என்ன, எல்லாரும் நல்லாருக்கீகளா?"

ஒரே தொல்லை, சோப்பு கண்ணில் தெறித்து எரிந்தது. அதனால் முட்டை கிட்டே வந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்ளத் தெரு பழகிவிட்டது. கைக்குழந்தைகள்கூடப் பழகிக்கொண்டன. செண்பகவல்லிக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவில்லை. அவளைத் தேடி ஒரு முட்டையும் வந்ததில்லை, வராத முட்டைக்கு யார் கண்ணை மூடுவார்கள். கழுகுமலையில் அம்மா இருந்திருந்தால் நினைத்திருப்பாள், அம்மாவும் இல்லை. தெருவில் எல்லோர் மூக்கும் நனைந்து காய்ந்து நனைந்துகொண்டிருக்க, பானையைக் கலக்குகிறவளின் மூக்கு மட்டும் காய்ந்து கிடந்தது அவளுக்கு வலித்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. மத்தியானங்களில் பொன்மாரி அசந்து தூங்கும்போது அடுப்படியில் நின்று ஒன்று ஊதுவாள், அது அலுங்காமல் போய்ப் பிள்ளையின் மூக்கில் உடையும், பிள்ளை மூக்கைத் தேய்த்துக்கொண்டு புரண்டு படுக்கும். திரும்பி ஒன்று வருமா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பொன்மாரியும் ஊதினாள், சொல்லப்போனால் தெருவிலேயே அதிகம் ஊதினது அவள்தான். ஆனால் அவளுடைய முட்டைகள் தெருவில் யாரிடமும் போகவில்லை, கூரைகளுக்கு மேலே ஏறி, ரயில்வே கேட்டைத் தாண்டிப் போயின. கேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? சுடுகாடு இருக்கிறது. அவளுடைய அம்மாவை எரித்த இடம். பேச்சியம்மாள்தான் முதலில் சொன்னாள்: "யாத்தே, பெத்தவளத் தேடிப் போகுதுடீ." சொல்லிவிட்டு வாசலில் நின்றபடியே கையெடுத்துக் கும்பிட்டாள். மறுநாள் தெருவே கும்பிட்டது. பொன்மாரியின் முட்டை மேலே ஏறினதும் டீ மாஸ்டர் ரேடியோவைக் குறைப்பார், பூசாரி துண்டை இடுப்பில் கட்டுவார், லூர்தம்மாள் சிலுவை போட்டுக்கொள்வாள், சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போவார்கள். அம்மாவை மறக்காத பிள்ளை என்று ஆளாளுக்கு முறுக்கும் கொய்யாப்பழமும் கொடுத்தார்கள். பிள்ளை வாங்கிக்கொள்ளும், தின்னாது.

செண்பகவல்லியும் கும்பிட்டாள். செத்துப்போன தாயோடு யார் போட்டி போட முடியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, சுவரில் இருந்த மூத்தவளின் போட்டோவுக்கு விளக்கேற்றி, "ஒங்க பிள்ளைதான்க்கா, நான் சும்மா பாத்துக்கிடத்தான் வந்திருக்கேன்" என்று சொன்னாள். அதோடு விட்டிருப்பாள். ஆனால் ஒருநாள் மொட்டைமாடியில் வெள்ளரி வற்றல் காயவைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளையின் முட்டை ஒன்று போவதைப் பார்த்தாள். அது கேட்டைத் தாண்டியது. சுடுகாட்டு வேப்பமரத்துக்கு நேரே போகவில்லை, அதற்கு முன்னாலேயே இடப்பக்கம் திரும்பிவிட்டது. அடுத்ததும் அதே இடத்தில் திரும்பியது. காற்றாக இருக்குமோ என்று விரலை நனைத்துப் பிடித்துப் பார்த்தாள், காற்றே இல்லை. எரித்த பிறகு மூக்கு ஏது என்கிற யோசனையும் அப்போதுதான் அவளுக்கு வந்தது. அதற்கு மேல் அவளால் வற்றலில் கவனம் வைக்க முடியவில்லை.

அடுத்த முட்டை கிளம்பியதும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். பிள்ளை கையில் தண்டோடு வாசலில் நின்று, அவள் போவதையே பயந்துபோய்ப் பார்த்தது. தெரு விஷயத்தைத் தானாகப் புரிந்துகொண்டது. இளையவள் மூத்தவளைப் பார்க்கப் போகிறாள் என்று பேச்சியம்மாள் ஓடிவந்து ஒரு முழம் மல்லிகையைக் கையில் திணித்தாள். பூசாரி சூடமும் பத்தியும் கொடுத்தார். டீ மாஸ்டர் ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி, "அந்தம்மாவுக்கு இது ரொம்பப் பிடிக்கும்" என்றார். மறுக்க நேரமில்லை, முட்டை போய்க்கொண்டிருந்தது. பூவும் சூடமும் பன்னுமாக அவள் கேட்டைத் தாண்டினாள், இடப்பக்கம் திரும்பினாள், தூசிச் சந்து ஒன்றில் நடந்து, மைதீன் பாயின் கறிக்கடை முன்னால் போய் நின்றாள். முட்டை கடையைச் சுற்றிப் பின்பக்கம் போனது.

"கறி தீந்துபோச்சேம்மா" என்று கட்டையைக் கழுவிக்கொண்டே சொன்ன மைதீன் பாய், அவள் கையைப் பார்த்துவிட்டு, "சூடமெல்லாம் கொண்டாந்திருக்கீங்க?" என்றார்.

"கறிக்கு வரல பாய். அந்த முட்டை பின்னால வந்தேன்."

"ஒங்க தெருவுலேர்ந்துதான் வருதா? நல்லாருப்பீங்க, அதை நிறுத்தச் சொல்லுங்கம்மா. கறியில சோப்பு வாடை அடிக்குதுன்னு சனங்க சண்டைக்கு வாராங்க. நாள் பூரா வந்து வந்து அந்த ஆட்டு மூஞ்சியிலயே ஒடையுது."

கடைக்குப் பின்னால், தகரக் கொட்டகை நிழலில், வெள்ளையும் பழுப்புமாக ஒரு ஆடு நின்றது. அதன் மடியில் குட்டி ஒன்று முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. முட்டை வந்ததைப் பார்த்ததும் ஆடு கண்ணை மூடிக்கொண்டு மூக்கை நீட்டிக் கொடுத்தது, நன்றாகப் பழகிவிட்டிருந்தது. பட்டென்று உடைந்ததும் ஒரு தும்மல் போட்டுவிட்டு, செண்பகவல்லியின் கையிலிருந்த மல்லிகையைத் தின்னத் தொடங்கியது.

"இது ஏது பாய்?"

"மாசியில ஒங்க தெருவுல ஒரு கல்யாணம். கறிவிருந்துக்குன்னு சமையக்காரரு கொண்டாந்து விட்டாரு, மலட்டு ஆடுன்னு. வயித்துல கை வச்சுப் பாத்தா, சினை. சினை ஆட்டுல கத்தி வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்ல. எங்கிட்ட இருந்த கிடாவை அறுத்து அனுப்பிவிட்டேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

செண்பகவல்லி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொல்லை முளைக்குச்சியும் மூடிய இலையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. அந்தப் பிள்ளை தான் வளர்த்த ஆட்டைத்தான் இலையில் பார்த்திருக்கிறது. அதை வைத்த கை இவளுடைய கை. இத்தனை நாளும் புதுத் தாய் மேல் வருகிற கோபம் என்று நினைத்துக்கொண்டு, எண்ணெய் வைத்தும் பூ வைத்தும் அதை ஆற்றப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அழுகை வந்தது. ஆடு பன்னையும் காகிதத்தோடு சேர்த்துத் தின்று முடித்தது.

"பாய், அது எங்க கல்யாணம்தான்" என்றாள். "ஆட்டை நான் கூட்டிட்டுப் போறேன். மத்ததை எங்க வீட்டுக்காரரு வந்து பேசிக்கிடுவாரு."

"கூட்டிட்டுப் போங்க தாயி, குட்டியையும் சேத்து. எனக்கு அந்தச் சோப்பு நின்னாப் போதும்."

ஆட்டையும் குட்டியையும் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது ரயில் போய்க்கொண்டிருந்தது, நிற்க வேண்டியிருந்தது. நிற்கும்போதுதான், கொண்டுபோய்ச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று அவளுக்கு உறைத்தது. தெரு கையெடுத்துக் கும்பிட்டது ஒரு ஆட்டை என்று தெரிந்துவிடும், பிள்ளை தலைநிமிர முடியாது. ஆடு வந்துவிட்டால் பிள்ளையின் முட்டைகள் எல்லாம் கொல்லைக்குத்தான் போகும், தன் மூக்குக்கு என்றைக்கும் வராது. திரும்பிப் போய் விட்டுவிட்டு வந்தாலும் கேட்க ஆளில்லை. ரயில் போனது, கேட் திறந்தது, ஆடு தானாகவே வீட்டுப் பக்கம் இழுத்தது. அவளும் நடந்தாள்.

தெரு முழுக்க வாசலில் நின்றது. பொன்மாரி பதற்றத்தில் ஊதிய முட்டை ஒன்று அப்போதுதான் கூரைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது, டீ மாஸ்டர் ரேடியோவைக் குறைத்திருந்தார், கும்பிட்ட கைகள் அப்படியே இருந்தன. முட்டை பாதி வானத்தில் நின்றது. திரும்பியது. கீழே இறங்கி, அத்தனை பேர் பார்க்க, ஆட்டின் மூக்கில் உடைந்தது.

"சேமியா" என்றது பிள்ளை. காயப்போட்ட சேமியாவைத் தின்றதால் அதற்கு அந்தப் பெயர். ஓடிவந்து அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஆடு அதன் காதை நக்கியது.

கும்பிட்ட கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று தெருவுக்குத் தெரியவில்லை. பூசாரி சட்டென்று தோளைச் சொறிந்துகொண்டார். பேச்சியம்மாள்தான் மெதுவாகக் கேட்டாள்: "அப்ப இம்புட்டு நாளும் நாம இந்த ஆட்டையா கும்பிட்டோம்?"

ஆட்டின் கழுத்தில் புதைந்திருந்த பொன்மாரியின் தலை இன்னும் உள்ளே போனது. செண்பகவல்லி அதைப் பார்த்தாள்.

"யாரு சொன்னா?" என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. "நான் சுடுகாட்டுக்குத்தான் போனேன். அங்க போய் நின்னு, அக்கா, ஒங்க பிள்ளைக்கு என்ன வேணும்னு கேட்டேன். முட்டை அங்கேருந்து கிளம்பி வழி காட்டிக்கிட்டே போச்சு. போய்ப் பாத்தா, செத்துப்போச்சுன்னு பிள்ளை நெனச்சுக்கிட்டிருந்த ஆடு குட்டியோட நிக்கிது. பெத்தவ காப்பாத்தி வச்சிருந்து குடுத்திருக்கா. இனிமே முட்டை அங்க போகாது, கும்பிட்டது போதும்னு சொல்லிட்டா."

தெருவுக்கு மூச்சு வந்தது. இது அவர்களுக்குப் புரிகிற விஷயம். பேச்சியம்மாள் குங்குமம் எடுத்துவந்து ஆட்டின் நெற்றியில் வைத்தாள், லூர்தம்மாள் குட்டிக்குச் சிலுவை போட்டாள், யார் வைத்தது முந்தி என்று இரண்டு பேரும் உடனே ஆரம்பித்துவிட்டார்கள். அந்தம்மா பன்னைச் சாப்பிட்டாளா என்று டீ மாஸ்டர் கேட்டார். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள் என்று செண்பகவல்லி சொன்னாள், அதில் பாதி உண்மை இருந்தது.

சாயங்காலம் கொல்லையில், அந்த முளைக்குச்சியில் ஆட்டைக் கட்டிவிட்டு, இரண்டு பேரும் நின்றார்கள். பேசுவதற்குப் பிள்ளை சுவரைத் தேடியது. அந்தப் பக்கம் சுவர் இல்லை.

"பொய்தான சொன்னீங்க?"

"ஆமா."

"எனக்கு அம்மா மொகமே ஞாபகம் வரல. எவ்வளவோ பாத்தேன். போட்டோதான் வருது. சேமியாதான் வருது. எல்லாரும் கும்பிட்டாங்க, அதான் சொல்ல முடியல."

"அதுல என்ன இருக்கு. நீ தொட்டில்ல கெடந்த." செண்பகவல்லி ஆட்டின் கயிற்றில் இன்னொரு முடிச்சுப் போட்டாள். "அன்னிக்கு எலையில வச்சது சேமியா இல்ல. ஆனா வச்சது நான்தான். தெரியாம வச்சுட்டேன்."

பிள்ளை பானைப் பக்கம் போனது. பானையில் அடியோடு அடியாகக் கொஞ்சம் மிச்சமிருந்தது, தண்டை அதில் தோய்த்து ஊதியது. ஒன்றாகக் கிளம்பியது இரண்டாகி, இரண்டும் ஒட்டிக்கொண்டு, பெரியதும் சின்னதுமாக மேலே வந்தது. ஆடு அதைப் பார்த்துக் கண்ணை மூடி மூக்கை நீட்டியது. முட்டை ஆட்டுக்குப் பாதி வழி போய், நின்று, திரும்பி, செண்பகவல்லிக்குப் பாதி வழி வந்து, அங்கேயும் நின்றது. எந்தப் பக்கம் போவதென்று அதற்குத் தெரியவில்லை. அப்படி ஒரு முட்டையை அந்தக் கோடையில் யாரும் பார்த்ததில்லை.

செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்து, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்தாள். உடைந்தது.

"கண்ண மூடிக்கிடணும்னு ஒங்களுக்குத் தெரியாதா சித்தி?" என்று சொல்லிக்கொண்டே பிள்ளை செம்பில் தண்ணீர் எடுக்க ஓடியது.

"தெரியும்" என்றாள் செண்பகவல்லி, கண்ணைக் கசக்கிக்கொண்டே. "பாக்கணும்னு இருந்துச்சு."